பாதியில் நிற்கும் குதிரை

2025 செப்டம்பரில் பென்சில்வேனியாவில் என் தம்பி மகன் வீட்டில் ஆறு வாரங்கள் இருந்தேன். கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு நீண்ட அட்டைப்பெட்டி எனக்காகப் பிரிக்கப்படாமல் காத்திருந்தது. உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்றான். பிறகு தன்னையே திருத்திக்கொண்டு, "துப்பாக்கி இன்னும் இல்லை பெரியப்பா, சாமான்தான் இருக்கு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யணும்" என்றான். திண்டுக்கல் பூட்டு அராவியவரின் பேரன் அவன், மகன் நான். தாத்தாவின் கை எனக்கு வந்திருக்கும் என்பது அவனுடைய எண்ணம். வந்ததா, வந்து போயிற்றா என்பதை நான் அவனிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே இது ஒரு பொழுதுபோக்கு. நம் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் ஹோமியோபதி படிப்பதைப் போல, அங்கே சிலர் பழைய காலத்துத் துப்பாக்கி ஒன்றை உதிரிகளிலிருந்து கட்டி எழுப்புகிறார்கள். மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகக் கெட்டிக்கும் வகை. 1968-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் அந்த வகையின் நகல்களைப் பொதுவாகத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகவே பெட்டி, புத்தகப் பார்சல் மாதிரி வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது.

பிரித்தோம். எட்டுப் பட்டையாக நீண்ட இரும்புக் குழல். மேப்பிள் மரத்தில் முக்கால்வாசி செதுக்கிய கட்டை. வார்ப்பின் பிசிறு போகாத பித்தளைத் துண்டுகள். ஒரு பையில் திருகாணிகள். எல்லாமே அரைகுறை. மரத்தைக் குடைந்து குழலுக்கு இடம் செய்ய வேண்டும். பித்தளையை அராவி மினுக்க வேண்டும். இரும்புக்கு வேண்டுமென்றே துரு ஏற்றிப் பழுப்பாக்க வேண்டும். ஒன்று மட்டும் முடிந்து வந்திருந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, தனியாக வைத்திருந்த லாக்.

குதிரையை இழுத்து நிறுத்தி, விசையைத் தொட்டதும் விடுவிக்கிற யந்திரத்துக்கு ஆங்கிலத்தில் லாக் என்றே பெயர். கதவில் தொங்குவதற்கும் அதே பெயர்தான். இரண்டிலும் ஒரு தட்டு, ஒரு வில், அந்த வில்லின் பலத்தைத் தாங்கி நிற்கிற ஒரு சிறு பல். பெட்டி அனுப்பியவர்கள் மரத்தையும் பித்தளையையும் பொழுதுபோக்குக்காரனிடம் நம்பி ஒப்படைக்கிறார்கள். லாக்கை ஒப்படைப்பதில்லை. இந்த எச்சரிக்கை 1971 ஐப்பசியில், கீரனூரில், என் தகப்பனாருக்கு ஒரு சாயங்காலம் இல்லாமல் போயிற்று.

எங்கள் கீரனூர் பழனிக்கு வடக்கே, சமவெளியில் இருக்கிறது. தெற்கே பார்த்தால் மலை ஒரு நீல வரியாகத் தெரியும். அப்பா திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு பட்டறையில் பூட்டு வேலை பார்த்தார். சனிக்கிழமை இரவு கடைசி பஸ்ஸில் வருவார். பையில் லீவர் தகடுகளும் சாவி வார்ப்புகளும் இருக்கும். திண்ணையில் ஒரு வைஸ் பொருத்தியிருந்தது. ஞாயிறு முழுக்க அராவுவார். அரத்தின் சத்தம் கேட்காத ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு இல்லை. பத்து வயதிலிருந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து அராவினேன். பன்னிரண்டு வயதில் என்னுடைய லீவரையும் அவருடையதையும் பட்டறைக்காரரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அவரால் பிரித்துச் சொல்ல முடியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும். 2019-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் ஆதாரமான விஷயம் குறியீட்டில் வருவதில்லை. ஒரே பட்டறையில், ஒரே ஆள், ஒரே நாளில் செய்த இரண்டு மாங்காய்ப் பூட்டுகள் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. ஒன்றின் சாவி மற்றதில் திரும்பிவிட்டால் வேலை கெட்டது என்று அர்த்தம். கையால் அராவுகிறபோது ஒரு தகடு இன்னொரு தகட்டைப் போல் அமைவதில்லை. கையின் அந்தக் குறைதான் அங்கே பாதுகாப்பு.

துப்பாக்கியின் கதை இதற்கு நேர் எதிர். 1785-இல் பாரிஸில் ஹொனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளி ஐம்பது லாக்குகளைக் கழற்றி, உதிரிகளை அறை அறையாக அடுக்கி வைத்து, அப்போது அங்கே தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சனிடம் காட்டினான். கைக்கு வந்த துண்டுகளை எடுத்துச் சில லாக்குகளைத் தானே சேர்த்துப் பார்த்ததாகவும், அவை அப்பழுக்கில்லாமல் பொருந்தியதாகவும் ஜெபர்சன் ஊருக்கு எழுதினார். எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சேரும். செய்தவன் யார் என்பது இனி முக்கியமில்லை. என் தம்பி மகனின் அட்டைப்பெட்டி அந்தக் கடிதத்திலிருந்துதான் கிளம்பி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

துப்பாக்கி எங்கள் சீமைக்குப் புதியதல்ல. 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வைத்து அங்கே ஓர் ஆயுதச்சாலை நடத்தினார். 1801-இல் விருப்பாட்சி கோபால நாயக்கரைத் தூக்கில் போட்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமை ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டார். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் துப்பாக்கி என்றால் ஒன்று போலீஸ்காரருடையது. அல்லது பரணில் சாக்குச் சுற்றிக் கிடப்பது. பயிர்க் காவலுக்கென்று சிலருக்கு நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா செத்துப் பல வருஷமாகியிருக்கும்.

அப்படி ஒன்றைத்தான் ஊரில் ஒரு தோட்டத்துக்காரர் அப்பாவிடம் கொண்டுவந்தார். மலையடிவாரத்தில் அவருக்கு இன்னொரு தோட்டம் இருந்தது. நிலக்கடலையைப் பன்றி கிளறிப்போடுகிறது என்றார். துப்பாக்கியின் குதிரை பாதியில் நிற்பதில்லை என்றார். மருந்து கெட்டித்துக் கையில் எடுத்துப் போகிறவன் குதிரையைப் பாதி இழுத்து வைத்துக்கொண்டு நடப்பான். அந்த நிலையில் விசையைத் தொட்டாலும் குதிரை விழக் கூடாது. அதற்கென்று உள்ளே தனியாக ஒரு பல் உண்டு. அது தேய்ந்திருந்தது.

அப்பா முதலில் மறுத்தார். "பூட்டுன்னாக் கொண்டாங்க. இது எனக்கு வேண்டாமுங்க" என்றார். தோட்டத்துக்காரர் விடவில்லை. "இதுவும் பூட்டுத்தானே ஆசாரியாரே" என்று சிரித்தார். ஆங்கிலத்தில் இதற்கு அந்தப் பெயர்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் வீட்டு வாசலில் அவருடைய பழைய கடன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அப்பா வாங்கி வைத்துக்கொண்டார்.

லாக்கைக் கழற்றி, துண்டுகளை ஒரு தாம்பாளத்தில் பரப்பினார். தேய்ந்த இடத்தில் புதிய துண்டு ஒன்றை அடித்து வைத்தார். அராவி முடிப்பதற்குள் திண்டுக்கல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு முடிக்கிறேன், யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை நான் தொட்டேன்.

எனக்கு வயது பதினான்கு. ஆசையா, அவரை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற எண்ணமா, துப்பாக்கி என்ற வஸ்துவின் மேலிருந்த மயக்கமா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் இருந்திருக்கும். பல்லை அராவினேன். பூட்டு லீவரை அராவுகிற மாதிரியே, வழவழவென்று, விளிம்பு கண்ணை உறுத்தாமல், அழகாக அராவினேன். எனக்குத் தெரிந்த ஒரே அழகு அதுதான். துண்டுகளைச் சேர்த்தேன். குதிரையை இழுத்தேன். பாதியில் நின்றது. திண்ணையில் தனியாக உட்கார்ந்து அதை எத்தனை தடவை இழுத்து நிறுத்திப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

சனிக்கிழமை இரவு அப்பா வந்தபோது தோட்டத்துக்காரர் திண்ணையில் காத்திருந்தார். அப்பா களைப்பாக இருந்தார். முடிந்து கிடந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. ஒரு தடவை இழுத்தார், நின்றது. கொடுத்துவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் கழற்றிப் பார்த்திருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம்.

பதினோரு நாள் கழித்து, மலையடிவாரத் தோட்டத்தில், வரப்போரம் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கி சரிந்து விழுந்தது. பாதியில் நின்ற குதிரை நிற்கவில்லை. மாடு மேய்க்க வைத்திருந்த பையனின் இடது கையில் மூன்று விரல்கள் போயின. ஆறாம் வகுப்பு வரை என்னோடு படித்தவன். கேஸ் ஆகவில்லை. எல்லோருக்கும் ஏதோ ஒரு பயம் இருந்தது. கமலைச் சக்கரத்தில் கை மாட்டிக்கொண்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தோட்டத்துக்காரர் அவன் குடும்பத்துக்கு ஒரு மாடு வாங்கிக் கொடுத்தார்.

அப்பா அந்த லாக்கைக் கேட்டு வாங்கி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, கழற்றி, பல்லைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பட்டறைக்காரரால் பிரிக்க முடியாததை அவர் பிரித்தார். அரத்தின் கோடுகள் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும்; தள்ளுகிறபோது யார் மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அவர் என் கையெழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெகு நேரம் கழித்து அம்மாவிடம், "நான் பாக்காமக் குடுத்துப்போட்டேன்" என்றார். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் நான் இல்லை. என்னை வெளியே எடுத்துவிட்டு அவர் அதைச் செய்திருந்தார்.

மறு ஞாயிறு வைஸ் திண்ணையில் இல்லை. பட்டறைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை; வீட்டில் அராவுவதை நிறுத்தினார். என்னை அரத்தைத் தொடவிடவில்லை. "படி" என்றார். படித்தேன், வாத்தியாரானேன், கவிதை எழுதினேன்.

எண்பதுகளில் இதுபோன்ற பத்திரிகைகளில் என் கவிதைகள் வந்தன. படித்தவர்கள் இப்போதும் நாலைந்து பேர் இருக்கலாம். அவை பெட்டியில் வந்த சாமான்களிலிருந்து செய்தவை என்று இன்று எனக்குத் தெரிகிறது. ஒரு பிரெஞ்சுக் கவியின் தனிமை, ஓர் ஐரோப்பிய நாவலின் ஆபீஸ் தாழ்வாரம், ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த வரி முறிவு. கீரனூரில் இல்லாத பனிமூட்டம்கூட ஒரு கவிதையில் இருந்தது. மூத்த நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "எல்லாம் பொருந்தியிருக்கு, மருந்து கெட்டிக்கலை" என்றார். அவருக்கு என் துப்பாக்கிக் கதை தெரியாது.

இரவல் உதிரிகள்தான் குற்றம் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். பென்சில்வேனியாவில் அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. கென்டக்கி ரைபிள் என்று அமெரிக்கர்கள் பெருமையோடு சொல்லும் அந்த நீண்ட துப்பாக்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் லாங்காஸ்டர் பக்கத்தில் குடியேறிய ஜெர்மானியத் தொழிலாளிகள் செய்தது. அவர்களில் பலர் லாக்கைத் தாங்களே செய்யவில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததை வாங்கிப் பொருத்தினார்கள். மூலமே இரவல் உதிரிகளால் ஆனது. இருந்தும் அது அவர்களுடைய துப்பாக்கி ஆயிற்று. நம் நவீனத்துவத்தின் மீது வீசப்படும் இறக்குமதிக் குற்றச்சாட்டுக்கும் இதற்கு மேல் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அது மற்றவர்களுக்கான பதில். என் விஷயம் வேறு. ஒரு வரி சரியாக அமையாவிட்டால் யாருடைய விரலும் போவதில்லை. அந்த நிம்மதிக்காகவே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேனோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. தவறினாலும் ஒன்றும் நேராத இடத்தில் உட்கார்ந்து எழுதியதில் மருந்து எங்கிருந்து வரும்?

உதிரிகள் எப்போது துப்பாக்கி ஆகின்றன என்ற கேள்வி அந்த வருஷம் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தது. அது பழைய காலத்து நகல்களைப் பற்றிய வழக்கு அல்ல. வீட்டிலேயே கோத்துக்கொள்ளும்படி விற்கப்பட்ட நவீனக் கைத்துப்பாக்கிப் பெட்டிகளைப் பற்றியது. 2025 மார்ச் 26-இல், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், 2022-இல் அரசாங்கம் அவற்றுக்குப் போட்ட விதி செல்லும் என்று தீர்ப்பானது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச் ஓர் உதாரணம் சொல்கிறார். எழுத்தாளர் தன் நாவலைப் பற்றி அபிப்பிராயம் கேட்டு அனுப்புகிறார். கைப்பிரதி இன்னும் முடியவில்லை. இருந்தும் அதை நாவல் என்றுதானே சொல்கிறோம் என்கிறார். துப்பாக்கி எது என்று சொல்ல வாஷிங்டன் நீதிபதிக்கு முடியாத நாவல் தேவைப்பட்டிருக்கிறது. முடிக்காத நாவல்கள் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று எண்ணிக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நம் சட்டத்துக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் உதிரியும் ஆயுதம்தான். அதைச் செய்யும் யந்திரமும் ஆயுதம்தான். துப்பாக்கியைப் பழுது பார்க்கவே லைசென்ஸ் வேண்டும். அப்படியானால் தாம்பாளத்தில் பரப்பிய அந்தத் துண்டுகளோடு அப்பா அன்று சட்டத்தின் முன் குற்றவாளி. எனக்கு அதில் ஆட்சேபமில்லை. ஆனால் சட்டம் கேட்பது, உதிரி எந்தக் கட்டத்தில் துப்பாக்கியாகிறது என்பதை. எனக்குத் தெரிய வேண்டியிருப்பது, துப்பாக்கியான பிறகு அந்தப் பல் யாருடையது என்பது. ஜெபர்சனுடைய ஐம்பது லாக்குகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. திண்ணையில் அராவிய பல்லில் அது பதிந்து கிடக்கிறது.

மூன்றாவது வாரம் மரவேலை முடிந்தது. குழல் கட்டையில் உட்கார்ந்தது. பித்தளையை நான்தான் அராவினேன். ஐம்பத்துநான்கு வருஷம் கழித்து அரத்தைப் பிடித்தபோது கை எதையும் மறந்திருக்கவில்லை. மணிக்கட்டு அதே பக்கம் சாய்ந்தது. தம்பி மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தாவும் இப்படித்தான் செய்வாரா பெரியப்பா?" என்றான். இல்லை, அவர் கை நேராகப் போகும் என்றேன்.

கடைசியாக லாக்கைப் பொருத்த வேண்டும். பொருத்துவதற்கு முன் உள்ளே திறந்து காட்டச் சொன்னான். திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்காகத்தான் அதை முடித்து அனுப்பியிருக்கிறார்கள். திறந்தேன். பூதக்கண்ணாடி கொண்டுவந்தான். பல் இருந்தது. யந்திரத்தில் வெட்டியது, விளிம்பு கூர்மையாக, கண்ணை உறுத்தும்படி இருந்தது. நான் அழகுக்காக மழுங்கடித்த அந்த விளிம்புதான் குதிரையை நிறுத்திவைப்பது. அரத்தின் கோடு எதுவும் அதில் இல்லை. யாரும் அதைச் செய்யவில்லை என்பது போல் இருந்தது. எனக்கு முதலில் பொறாமையாக இருந்தது. பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

அவனிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, பதினோரு நாள், மூன்று விரல்கள், தூண், அப்பா சொன்ன ஒரே வாக்கியம். அவன் குறுக்கே பேசவில்லை. தாத்தா ஏன் வீட்டில் வேலை செய்வதை நிறுத்தினார் என்பது அவர்கள் வீட்டில் ஒரு புதிர். கண் மங்கிவிட்டதாக என் தம்பி அவனிடம் சொல்லியிருக்கிறான். நான் முடித்ததும் லாக்கை எடுத்துத் துடைத்து, திரும்ப எண்ணெய்க் காகிதத்தில் சுற்றினான். "அந்தப் பையன் இப்ப எங்க?" என்று கேட்டான்.

எங்கும் போகவில்லை. கீரனூரில்தான் இருக்கிறான். பேரன் பேத்தி எடுத்துவிட்டான். காலையில் டீக்கடையில் பார்க்கிறோம். டீ கிளாஸை இடது கையின் இரண்டு விரல்களால் பிடிக்கிறான், சூடு பொறுக்கும் லாகவத்தோடு. என்னை வாத்தியார் என்று கூப்பிடுகிறான். ஐம்பது வருஷமாக மழை, நிலக்கடலை விலை, பென்ஷன், கல்யாணங்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசியிருக்கிறோம். அவனுக்குத் தெரிந்தவரை, அது ஆசாரியார் சரியாகப் பார்க்காமல் கொடுத்த துப்பாக்கி. ஒரு தடவை அவனே, "உங்க அப்பா பாவம், வேணும்னா செஞ்சாரு" என்றான். நான் தலையாட்டினேன்.

ஊர் திரும்பி மூன்று மாதங்களுக்கு மேலாகிறது. தம்பி மகன் துப்பாக்கியை முடித்துச் சுவரில் மாட்டியிருப்பதாகப் படம் அனுப்பினான். நான் அராவிய பித்தளை நன்றாகத்தான் மின்னுகிறது. லாக் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதுவது பாரத்தை இறக்கிவைப்பதாகாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை கீரனூருக்கு ஒரே பிரதி வருகிறது; அது என் பெயருக்கு வருகிறது. நாளைக் காலையும் டீக்கடை திறந்திருக்கும்.